தாலி கட்டும் நேரத்தில் வந்த ரயில்

போன மாதம் அண்ணன் மகள் கவிதா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். "சித்தப்பா, ரயில எடுத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சண்டே சர்ப்ரைஸ்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் அண்ணியின் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா, கையில் அட்சதையோடு உறவுக் கூட்டம். எல்லாரும் துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கூட்டத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்த ரயிலை மட்டும் காணவில்லை. ஏதோ ஒரு செயலியாம். வேண்டாததை விரலால் தேய்த்தால் போதுமாம், அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே யோசித்து நிரப்பிவிடுமாம். கவிதாவுக்குச் சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. வரவேற்பறைச் சுவரில் ரயிலோடு தொங்கும் கல்யாணப் படத்தைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பது அவளுடைய கவலை.

கல்யாணப் படத்துக்குள் ரயில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கேட்காத ஆளே கிடையாது. கேட்பவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அண்ணி எனக்கு விதித்த தண்டனை. ஆயுள் தண்டனை. சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. எட்டு மணி நேரமும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, அரிசிக் குருணையைவிடச் சிறிய சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் ஜமால். அவனுடைய அத்தாவுக்கு ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை. கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டவன். அவனுக்கு ரயில் பைத்தியம். என்ஜின் எண்களை எழுதி வைத்த நீல அட்டை நோட்டு ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். இது என்ன பைத்தியம் என்று நான் கேட்டபோது அவன் சொன்ன காரணத்துக்கு எனக்கு இன்றுவரை மறுப்பு தோன்றவில்லை.

"வாரம் பூரா கண்ணுக்குத் தெரியாத சாமானத்தான பாக்குறோம். லீவு அன்னிக்காச்சும் கண்ணுக்குத் தெரியுற சாமானாப் பாப்போம்லா."

ஆனால் எங்கள் ஊரில் ரயில் பைத்தியமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பினாங்குத் தீவில் ரயில் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ரயில் நிலையம் உண்டு. கடற்கரை ஓரத்தில், மணிக்கூண்டு வைத்து, அழகான கட்டடம். அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு, படகேறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடிப்பார்களாம். பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபம் பிடித்துவிட்ட கதை. மலைக்கு ஏறும் ரயில் ஒன்று இருக்கிறதே என்று ஜமாலிடம் சொன்னால் கோபம் வந்துவிடும். "அது ரயில் இல்லலா. சாஞ்சு நிக்கிற லிஃப்ட்டு" என்பான்.

ஆகவே ரயில் பார்க்க வேண்டுமென்றால் ஃபெர்ரி ஏறி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போக வேண்டும். ஜமாலுக்கு அங்கே ஸ்டேஷனில் ஒருவரைத் தெரியும். அவர் ஒரு சேதி சொல்லியிருந்தார். பழைய டீசல் என்ஜின் ஒன்று, மூக்கு நீண்டது, சீக்கிரம் கழித்துப் போடப்போகிறார்கள். திங்கட்கிழமை மத்தியானம் அது வடக்கேயிருந்து சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமுக்கு வரும். அந்த என்ஜினின் எண் ஜமாலின் நோட்டில் இருந்தது. படம் இல்லை. அவன் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் அண்ணனுக்குக் கல்யாணம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கும் ஏதாவது வீட்டில் குளிர்பெட்டியைத் திறக்கும்போது நேற்றைய ரசமும் மல்லித்தழையும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை வந்தால் கதவைச் சட்டென்று மூடிவிடுவேன். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் மணியம் அண்ணன். வார நாளில் அக்கரையில் பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில் கல்யாணப் படம். எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மாடி கீழே ஓர் அறையில் தனியாக இருந்தார். அவரிடம் குளிர்பெட்டி இல்லை. நம் ஊர் வெயிலுக்கு பிலிம் கெட்டுவிடும் என்று, தம் பிலிம் சுருள்களை ஒரு பழைய மார்ஜரின் டின்னில் போட்டு எங்கள் குளிர்பெட்டியில் வைத்திருப்பார். அம்மா அதற்கு மேல்தட்டில், தயிருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தாள்.

மணியம் அண்ணனுக்கு ஒரு முறை இருந்தது. எடுத்து முடித்த பிலிமை முழுசாகச் சுருட்டி டப்பாவுக்குள் விட்டுவிட மாட்டார். நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்திவிடுவார். கழுவும் கடைக்காரருக்குப் பிடித்து இழுக்க அது சௌகரியம். ஆனால் புது பிலிமுக்கும் நாக்கு வெளியேதான் இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எடுத்த பிலிமின் நாக்கை ஒரு மடிப்பு மடித்துவிடுவார். நீட்டியிருந்தால் புதிது, மடங்கியிருந்தால் எடுத்தது. இது அவருக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். அதே குளிர்பெட்டியில் தினமும் தயிர் எடுத்துச் சாப்பிட்ட எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று மூன்று சுருள் எடுத்திருந்தார். மாலை மாற்றியது, விருந்து, உறவினர் வரிசை எல்லாம் அவர் பையிலேயே இருந்தன. தாலி கட்டிய சுருள்தான் முக்கியமானது என்று, அதை மட்டும் மண்டபத்திலிருந்து நேரே கொண்டுவந்து எங்கள் குளிர்பெட்டியில் வைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று.

இன்னொரு பக்கம் அப்பா. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வரவேற்பறைச் சுவரில் தாலி கட்டும் படத்துக்காக ஓர் ஆணி அடித்துவிட்டார். அடுக்குமாடியின் கான்கிரீட் சுவர். மூன்று ஆணி வளைந்து, நாலாவதுதான் உள்ளே போனது. பக்கத்து வீட்டு சீனப் பாட்டி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அடித்து முடித்ததும் அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரித்தால் வலது பக்கம் மட்டும்தான் சிரிக்கும். உதட்டோரமும் கன்னமும் கண்ணும் அந்தப் பக்கம் மேலே போகும். இடது பக்கம், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல அப்படியே இருக்கும். "இனிமே மாப்பிள்ளையும் பொண்ணுந்தான் பாக்கி" என்றார்.

திங்கட்கிழமை மறுவீட்டு விருந்து. அண்ணியின் ஊர் நிபோங் திபால் பக்கம், பைராம் தோட்டம். வேன் வைத்து எல்லாரும் கிளம்பினார்கள். எனக்கு இரண்டு நாள் லீவு இருந்தது. ஆனால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். புது அண்ணி, பாவம், "சாப்பாட்டுக்காச்சும் வந்துட்டுப் போகலாமே தம்பி" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. சூப்பர்வைசர் பொல்லாதவர் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஜமாலிடம் கேமரா இருந்தது, பிலிம் இல்லை. எங்கள் வீட்டில் பிலிம் இருந்தது, கேமரா இல்லை. காலை ஏழு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? டின்னைத் திறந்தேன். ஆறு சுருள். ஐந்தின் நாக்கு விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் மடங்கியிருந்தது. என் மனசாட்சி அப்போது ஒரு வேலை செய்தது, அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. அடுத்தவர் பொருளை எடுக்கிறோம், நல்லதாகப் பார்த்து எடுப்பது பாவம், இந்த மடங்கியது எப்படியும் பழுது, இதை எடுத்தால் அவருக்கு நட்டமில்லை என்று அது சொன்னது. மடிப்பை நகத்தால் நீவி நிமிர்த்தினேன். நன்றாகவே நிமிர்ந்தது. ஒரு சுருளைக் காப்பாற்றிய திருப்தியோடு பையில் போட்டுக்கொண்டேன்.

ஃபெர்ரியில் கீழ்த்தட்டில் கார்கள், மேல்தட்டில் நாங்கள். தீவிலிருந்து அக்கரைக்குப் போகக் காசில்லை, திரும்பி வரும்போதுதான் கேட்பார்கள். டீசல் புகையும் உப்புக் காற்றும் சூடான கார் டயர் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். ஜமால் மடியில் கேமராவை வைத்து, பிலிமைப் போட்டு, மூடி, இரண்டு தரம் சுழற்றிவிட்டு, "முப்பத்தாறு. கணக்கா அழுத்தணும். கை அரிக்குதுன்னு அழுத்தக் கூடாது" என்றான். அழுத்தும் பொறுப்பு எனக்கு. அவன் எண் எழுத வேண்டும், நேரம் எழுத வேண்டும், இயக்குநராகவும் இருக்க வேண்டும். அவனுக்கு இரண்டு கை போதாது.

பட்டர்வொர்த் ஸ்டேஷனில் பதினைந்து படம் எடுத்தோம். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் குட்டி என்ஜின், பேங்காக் போகக் காத்திருந்த நீண்ட வண்டி, அதன் ஜன்னலில் காலை நீட்டிக்கொண்டு தூங்கிய வெள்ளைக்காரர் ஒருவர். எனக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்து, மூச்சைப் பிடித்து, அழுத்தியதும் வரும் அந்தச் சின்னச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. சத்தம் கேட்ட ஒவ்வொரு முறையும் ஐயர் தலைமேலும், கலசத்தின் மேலும், மாமா அத்தை சித்தி தலைமேலும் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பது தெரியாமல் பத்து மணி வெயிலில் வியர்வை வழிய நின்றேன்.

அங்கிருந்து பஸ் பிடித்து புக்கிட் மெர்தாஜாம். வடக்கேயிருந்து வரும் தண்டவாளமும் தெற்கேயிருந்து வரும் தண்டவாளமும் கூடுகிற இடம். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கொடி காட்டுகிற ரயில்வேக்காரர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆள்தான். நெற்றியில் திருநீறு, கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடி. கொஞ்ச நேரத்தில் நடந்து வந்தார்.

"தம்பிங்களா, யாருக்குக் காத்திருக்கீங்க?"

"ரயிலுக்குண்ணே" என்றான் ஜமால்.

"ரயிலுக்குத்தான் எல்லாரும் காத்திருக்காங்க. எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. ரயிலப் போட்டோ எடுக்க வந்தோம்."

அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"அதான்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜமால் அத்தாவின் கடையிலிருந்து மூன்று பொட்டலம் நாசி கண்டார் கொண்டுவந்திருந்தான். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்று காலையில் கேட்டதற்கு, ரயில்வேக்காரர் யாராவது துரத்த வந்தால் கொடுப்பதற்கு என்றான். அனுபவஸ்தன். கொடிக்காரர் துரத்தவில்லை. ஆனாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வெண்டைக்காயைத் தனியாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவுடன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "என்ஜின் மட்டும் எடுத்தா நல்லா இருக்காது. பக்கத்துல ஒரு ஆளு வேணும்" என்றார். ஆள் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவருக்கு நான்கு படம் செலவானது. பச்சைக் கொடியோடு ஒன்று, சிவப்புக் கொடியோடு ஒன்று, இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒன்று, கொடியே இல்லாமல் இடுப்பில் கைவைத்து ஒன்று. ஜமால் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வரவேண்டியது மூன்றாகியும் வரவில்லை. நடுவில் வேறு இரண்டு வண்டிகள் வந்து எங்கள் ஆசையைக் கிளப்பிப் படத்தைத் தின்றுவிட்டுப் போயின. கடைசியில் மூன்றே மூன்று பாக்கி. அப்போது தண்டவாளம் மெல்ல உறுமியது. கொடிக்காரர் எழுந்து போய்த் தம் இடத்தில் நின்றார். கானல் நெளிகிற வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது, பகலிலும் எரிகிற பெரிய விளக்கு. அதற்குப் பின்னால் அந்த நீண்ட மூக்கு, கறுப்பேறி, எண்ணெய் வழிந்து, பின்னால் ஒரு ஊரையே இழுத்துக்கொண்டு வருவது போல நிதானமாக வந்தது.

"அழுத்தாத" என்றான் ஜமால். "இன்னும் வரட்டும். இன்னும். இன்னும்லா."

கொடிக்காரர் பச்சைக் கொடியை விரித்து நீட்டினார். "இப்ப" என்று ஜமால் கத்தினான். அழுத்தினேன். வண்டி எங்களைக் கடந்தபோது காலடியில் தரை நடுங்கியது. ஜமாலைப் பார்த்தேன். நோட்டில் எண் எழுத மறந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றான், கண் கலங்கியிருந்தது. நானும் கேமராவை இறக்காமல் நின்றேன். அவ்வளவு பெரிய பொருள் ஒன்று, நாளைக்கு இல்லாமல் போகும் என்று தெரியாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. அது போதுமாக இருந்தது. என் வாழ்க்கையில் பொய் சொல்லிக் கழித்த நாட்களில் இவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை பிலிமைக் கழுவக் கொடுத்தேன். வியாழக்கிழமை வேலை முடிந்து வாங்கப் போனால், கடைக்கார சீன அங்கிள் உறையைக் கொடுக்காமல் ஒவ்வொரு படமாக மேசையில் பரப்பினார். ஆள் மேல் ஆளாக, பெட்டி மேல் மாலையாக. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இது கல்யாணமா ரயிலா என்று மலாயில் கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

முதல் பார்வையில் எனக்கும் புரியவில்லை. பிறகு அம்மாவின் பட்டுப்புடவை தெரிந்தது; கல்யாணம் பதிந்த பிலிமிலேயே ரயிலையும் எடுத்திருக்கிறேன். அதன் மேல் சரக்குப் பெட்டிகள் வரிசையாகப் போயின. சில படங்களில் நடுவே ஒரு கோடு விழுந்து, பாதி ஐயரும் பாதி பிளாட்பாரமுமாக இருந்தார்கள். வானம் விழுந்த இடத்தில் தலைகள் வெளுத்துப் போயிருந்தன. ஒரே ஒரு படம்தான் விளிம்போடு விளிம்பு அச்சாகப் பொருந்தியிருந்தது. அண்ணன் குனிந்து தாலி கட்டுகிறார். கறுத்த என்ஜினின் வயிற்றுக்குள் அண்ணனும் அண்ணியும் தெளிவாகத் தெரிகிறார்கள். அப்பாவின் வலது பக்க முகத்தின் மேல் அந்த மஞ்சள் விளக்கு. அண்ணனின் தோளுக்கு மேலே, திருநீறும் தொப்பியுமாகக் கொடிக்காரர் பச்சைக் கொடி காட்டிக்கொண்டிருந்தார், இனிக் கட்டலாம் என்பது போல.

வீட்டுக்குள் நுழைந்தால், குளிர்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் தரையில். மணியம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுருளைக் கழுவக் கொடுக்கலாம் என்று எடுக்க வந்தவர். வந்து நாலு நாளான புது மருமகள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டு பிலிம் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி ராத்திரி எழுந்து மார்ஜரின் நக்குறது நீங்கதான. டின்ன மாத்தி எடுத்தீங்களா இல்லையா?" அப்பா, தாம் பிலிமை எல்லாம் தின்பதில்லை என்று சத்தியம் செய்யாத குறை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அன்று வாசற்படியில் அப்படித்தான் நின்றேன், அக்குளில் உறையோடு.

அண்ணிதான் முதலில் என்னைப் பார்த்தார். "தம்பி, டின்னுல இருந்த பிலிமப் பாத்தீங்களா? எங்கம்மா அந்தப் போட்டோதான் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க." நிபோங் திபாலில் அவருடைய அம்மாவுக்குக் காலில் நோவு, மண்டபத்தில் பின்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள், முன்னால் நின்ற கூட்டத்தில் மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் கண்ணால் பார்க்கவே இல்லையாம். அது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. உறையை அவரிடம் கொடுத்தேன்.

மணியம் அண்ணன் படங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மடங்கியிருந்த நாக்க நீதான் நிமித்துனியா?"

"ஆமாண்ணே. பழுதுன்னு நெனச்சேன்."

"பழுதுன்னு நெனச்சா அதுல எதுக்குடா படம் எடுத்த?"



அப்பா அந்த ஒரு படத்தை விளக்குக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். "என் மூஞ்சி எங்க?"

"லைட்டுக்குள்ள இருக்குப்பா."

"நல்ல பக்கமாப் பாத்து லைட்டு அடிச்சிருக்க" என்றார். அண்ணனும் எட்டிப் பார்த்தார். அவர் சாது. "என் தலைமுடி நல்லாத் தெரியுது. போதும்" என்றார்.

அண்ணி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பச்சைக்கொடி காட்டுறாரே, இந்த அண்ணன யாரு கூப்பிட்டது?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பாவுக்கும். நானும் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அண்ணி எழுந்து சமையலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுதது எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மணியம் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். மறுபடி மாலை போட்டு, அதே இடத்தில் நிறுத்தி, தாலி கட்டுவது போல ஒரு படம் எடுத்துவிடலாம். அம்மா துடித்துப்போனாள். "தாலிய ரெண்டு தரம் கட்டுறதா? வாயக் கழுவு மணியம்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆணி மட்டும் சுவரில் வெறுமனே நின்றது. அப்பாவிடம் அதைப் பிடுங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு மாதம் அண்ணி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் முறையாக வரும். என் தட்டில் மட்டும் தினமும் பாகற்காய் இருக்கும். முதல் வாரம் தற்செயல் என்று நினைத்தேன். எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதை அண்ணி அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், ஆணியில் படம் தொங்குகிறது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து. ரயிலும் கொடிக்காரரும் அப்பா முகத்து விளக்குமாக அதே படம்.

"அண்ணி, இது எதுக்கு?"

"தாலி கட்டுன போட்டோன்னு இருக்குறது இது ஒண்ணுதான். எங்கம்மாவுக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்துட்டேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இது என்னான்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும் தம்பி. ஒருத்தர் விடாம."

அன்று இரவு என் தட்டில் பாகற்காய் இல்லை.

ஜமாலுக்குப் படத்தின் பிரதி ஒன்று கொடுத்தேன். ரொம்ப நேரம் ஆராய்ந்துவிட்டு, "என்ஜின் சூப்பரா வந்திருக்குலா. ஒங்க குடும்பந்தான் கொஞ்சம் மறைக்குது" என்றான்.

அதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன், தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவருக்குச் சொன்னேன், எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலிருந்து வீடு பார்க்க வந்தவர்களுக்கு, கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயத்தோடு சொன்னேன். நான் சொல்லும்போதெல்லாம் அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்பார், ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பார். பாகற்காய்ப் பகுதியை நான் தாண்டிப் போக அவர் அனுமதித்ததே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துவிட்டு, "இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் லைட்டு" என்று வலது பக்கமாகச் சிரிப்பார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது அண்ணிதான் துடைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கவிதா சட்டத்துக்குள் புதுப் படத்தை மாட்டி முடித்திருந்தாள். பழையது ஓர் உறைக்குள் மேசைமேல் கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். முப்பது வருடத் தண்டனை முடிந்தது, அண்ணிக்கும் கேட்ட படம் கிடைத்தது. அண்ணி கோவிலிலிருந்து வந்து, பூக்கூடையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"கொடிக்காரரு எங்க?"

"எடுத்துட்டேம்மா. ரயிலும் இல்ல பாருங்க. எவ்வளவு கிளீனா இருக்கு."

அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு கிட்டே போனார். தம்மைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து, "இது யாரு?" என்றார்.

"தாத்தாம்மா."

"இல்ல."

"அம்மா, தாத்தாதான்."

"மாமா இல்ல இது. மாமா ஒரு பக்கமாத்தான் சிரிப்பாரு. இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உம்முன்னு இருக்காரு."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. விளக்கை அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அந்தச் செயலி யோசித்திருக்கிறது. இடது பக்கத்தைப் பார்த்து, வலது பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, சுத்தமாக ஒரு முகம் செய்து வைத்திருக்கிறது. அச்சில் வார்த்தது போல நல்ல முகம். யாரோ ஒருவருடைய முகம். கைப்பேசியில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன், அப்பா அங்கே இல்லை என்பது மகனாகப் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

"அவரு அந்த லைட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருக்காரு" என்றார் அண்ணி. "பழசக் கொண்டா."

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும். ஒஞ்சித்தப்பா வந்து சொல்லுவாரு. சனிக்கெழம லீவு போட்டுருங்க தம்பி. இந்தத் தடவ நெசமாவே போடுங்க."

சனிக்கிழமை போய்ச் சொன்னேன். முன்பெல்லாம் கால் மணி நேரத்தில் முடிகிற கதை. ரயில் எப்படி உள்ளே வந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும், மற்றதெல்லாம் கேட்பவருக்கே தெரியும். இப்போது அப்படி முடிவதில்லை. மாப்பிள்ளைப் பையன், பிலிம் என்றால் என்ன, அதை ஏன் குளிர்பெட்டியில் வைத்தார்கள் என்று கேட்டான். அவன் தங்கை, ஃபெர்ரியில் கார் எப்படி ஏறும் என்று கேட்டாள். இப்போதைய படகில் கார் ஏறாது, அவள் பழைய மஞ்சள் ஃபெர்ரியைப் பார்த்ததில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக்குக்கு வண்டி போனது என்றதை அவர்கள் நம்பவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் இப்போது மின்சார ரயில் ஓசையில்லாமல் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போகிறது, அதில் கொடிக்கு என்ன வேலை என்பதை விளக்கத் தனியாக ஐந்து நிமிடம் ஆனது. மணியம் அண்ணன் யார், ஒரு பிலிமை மடித்தால் என்ன அர்த்தம், எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக இல்லாமல் போகப் போக, கதை நீண்டுகொண்டே போகிறது.

கடைசியில் பையனின் அம்மா எழுந்து படத்தின் கிட்டே போய், "இந்த லைட்டுக்குப் பின்னால நிக்கிறது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து அண்ணி சொன்னார். "எங்க மாமா. சிரிக்கிறாரு."